தடித்த மண்டையோட்டு டைனோசரும் தென்னாட்டுப் பாறைகளும்

டைனோசர் என்னும் சொல் இன்று நம் பிள்ளைகளுக்குப் புதியதன்று. அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் உள்ள வீடுகளில், எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகாத பிள்ளைகூட டைனோசர் பொம்மைகளைப் பெயர் சொல்லிப் பிரித்து அடுக்கிவிடுகின்றது. அப்பொம்மைகளுள் தலையின் உச்சியில் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற புடைப்புடன் இரண்டு கால்களில் நிற்கும் ஒன்றும் இருக்கும். 1997இல் வெளிவந்த 'த லொஸ்ட் வேர்ல்ட்' திரைப்படத்தில் தலையால் முட்டி மோதும் விலங்காகக் காட்டப்பட்டதும் இதுவே. இதன் பெயர் பாக்கிசெபலோசோரஸ் என்பதாகும்.

இந்த விலங்கைப் பற்றித் தமிழில் கிடைக்கும் தகவல்கள் சொற்பம். கிடைப்பனவற்றிலும் ஐயத்துக்கு உரியவை முடிந்த முடிபுகளாகவே எழுதப்பட்டுள்ளன. தமிழ்மொழி மூலம் கற்கும் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கும் அவர்களது கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய பெற்றோருக்கும் பயன்படும் வகையில், உறுதியாக அறியப்பட்டவற்றையும் இன்னும் விவாதத்தில் உள்ளவற்றையும் வேறுபடுத்தி இங்கே தருகின்றோம். 'இது நம் நாட்டில் வாழ்ந்ததா?' என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. அதற்கான விடையையும் இக்கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

பெயரும் உருவமும்

கிரேக்க மொழியில் 'பாக்கிஸ்' என்றால் தடித்த, 'கெபலே' என்றால் தலை, 'சோரஸ்' என்றால் பல்லி. ஆகவே இப்பெயர் 'தடித்த தலைப் பல்லி' எனப் பொருள்படும். மண்டையோட்டின் மேற்பகுதி சுமார் 25 சென்ரிமீற்றர் வரை தடித்த திண்ம எலும்பாக அமைந்திருந்தது. மனித மண்டையோட்டின் தடிப்பு ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். குவிந்த அப்பகுதியின் பின்புறத்திலும் மூக்கின் மேலும் சிறு எலும்பு முண்டுகள் வரிசையாக இருந்தன. குவிமாடம் பெரிதாக இருந்ததேயன்றி மூளை பெரிதாக இருக்கவில்லை. அந்தப் புடைப்பு முழுவதும் எலும்பே.

உடல் நீளம் ஏறத்தாழ நாலரை மீற்றர். நிறை சுமார் 400 கிலோகிராம் எனக் கணிக்கப்படுகின்றது. பின்னங்கால்கள் இரண்டில் நடந்தது, முன்னங்கால்கள் குட்டையானவை. கிறேத்தேசியக் காலத்தின் இறுதிக் கட்டத்தில், அதாவது இற்றைக்கு 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்குச் சற்று முன்னர், இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா, தென் டக்கோட்டா, வயோமிங் ஆகிய மாநிலங்கள் உள்ள பகுதியில் வாழ்ந்தது. டைனோசர்களின் யுகத்தை முடித்துவைத்த பேரழிவுக்கு முன்னர் எஞ்சியிருந்த கடைசி இனங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இதன் உறவினங்கள் கனடாவிலும் மொங்கோலியாவிலும் சீனாவிலும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இவை அனைத்தும் சேர்ந்த கூட்டமே குவிமண்டை டைனோசர்கள் எனப்படுகின்றது.

பல்லில் தொடங்கிய குழப்பம்

இக்கூட்டத்தின் வரலாறு ஒரு பெயர்க் குழப்பத்துடன் பின்னிப் பிணைந்தது. 1856ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜோசப் லெய்டி, மொன்ரானாவில் கிடைத்த ஒரேயொரு பல்லை வைத்துத் துரோடன் என்ற பெயரைச் சூட்டினார். 1902இல் கனடாவின் லோரன்ஸ் லாம், அல்பேட்டா மாகாணத்தில் கிடைத்த தடித்த மண்டையோட்டுத் துண்டுகளுக்கு ஸ்ரெகோசெராஸ் எனப் பெயரிட்டார். 'கூரைக் கொம்பு' என்பது அதன் பொருள். 1924இல் சார்ள்ஸ் கில்மோர், குவிமண்டையுடன் கூடிய ஓர் எலும்புக்கூட்டை விவரித்தபோது, அதன் பற்கள் லெய்டியின் பல்லை ஒத்திருப்பதாகக் கருதி, அதனைத் துரோடன் என்றே குறித்தார். 1931இல் வயோமிங்கில் கிடைத்த பெரிய இனத்தையும் அவர் அப்பெயரின் கீழேயே சேர்த்தார்.

இந்த இணைப்புத் தவறானது. துரோடன் சிறிய, வேகமாக ஓடும், பறவைகளுக்கு நெருங்கிய வேறொரு டைனோசர். 1943இல் பார்னம் பிரவுணும் எரிக் ஷ்லைக்ஜரும் பாக்கிசெபலோசோரஸ் என்ற பெயரை உருவாக்கினர். 1945இல் சார்ள்ஸ் ஸ்ரேர்ன்பேர்க் குவிமண்டை டைனோசர்களைத் தனிக் குடும்பமாகப் பிரித்தார். ஒரு பல்லை நம்பியதால் ஏற்பட்ட குழப்பம் நீங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

பின்னர் போலந்து, மொங்கோலிய அறிஞர்கள் கோபி பாலைவனத்தில் கூட்டாக நடத்திய அகழ்வுகள் புதிய இனங்கள் பலவற்றை வெளிக்கொணர்ந்தன. 1974இல் தெரேசா மர்யான்ஸ்கா, ஹல்ஷ்கா ஒஸ்மோல்ஸ்கா என்னும் இரு பெண் அறிஞர்கள் அவற்றை விவரித்து, இக்கூட்டத்துக்குத் தனி உபவரிசை வகுத்தனர்.

மிகப் பிந்திய செய்தியும் மொங்கோலியாவிலிருந்தே வந்தது. 2025 செப்ரெம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் சவாசெபலே ரின்போச்சே என்ற இனம் அறிவிக்கப்பட்டது. 'ரின்போச்சே' என்பது திபெத்திய மொழியில் 'விலைமதிப்பற்றது' எனப் பொருள்படும் சொல். சுமார் ஒரு மீற்றர் நீளமான இவ்விலங்கு, 10 கோடியே 80 இலட்சம் முதல் 11 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அறியப்பட்ட குவிமண்டை டைனோசர்களுள் மிகப் பழையது இதுவே. முழு வளர்ச்சியை எட்டாத வயதிலேயே இதன் தலையில் குவிமாடம் நன்கு உருவாகியிருந்தது. இக்கூட்டத்தின் கை எலும்புகளும், இரைப்பையில் உணவை அரைக்க உதவிய சிறு கற்களும் முதன்முதலாக இந்த மாதிரியிலேயே கிடைத்தன.

முட்டி மோதினவா?

குவிமாடம் எதற்காக? இக்கேள்விக்குப் பொதுமக்கள் அறிந்த விடை, செம்மறிக் கடாக்கள்போல இவை தலையோடு தலை மோதிச் சண்டையிட்டன என்பதாகும். 1955இல் எட்வின் கோல்பேர்ட் முன்வைத்த இக்கருத்தை, 1970இல் பீற்றர் கோல்ற்ரன் விரிவாக வளர்த்தார்.

2004இல் மார்க் குட்வினும் ஜக் ஹோர்னரும் குவிமாட எலும்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். மோதலைத் தாங்கும் பஞ்சு போன்ற அமைப்பு எனக் கருதப்பட்டது, இளம் வயதில் எலும்பு விரைவாக வளர்வதன் அடையாளமே என்றும், முதிர்ந்த விலங்குகளில் அது மறைந்துவிடுகின்றது என்றும் அவர்கள் கூறினர். தம் இனத்தை அடையாளம் காணவும் கவர்ச்சிக்காகவுமே குவிமாடம் பயன்பட்டிருக்கலாம் என்பது அவர்களது வாதம்.

விவாதம் அத்துடன் முடியவில்லை. 2011இல் எரிக் ஸ்னைவ்லியும் ஜெசிக்கா தியோடரும் இன்று தலையால் முட்டும் விலங்குகளின் மண்டையோடுகளுடன் இவற்றைக் கணினி மூலம் ஒப்பிட்டு, மோதலைத் தாங்கக்கூடிய அமைப்பு இவற்றுக்கு இருந்தது என்றனர். 2013இல் ஜோசப் பீற்றர்சனும் அவரது குழுவினரும் நூற்றுக்கு மேற்பட்ட குவிமாடங்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் காயமும் அதன் பின்னான எலும்பழற்சியும் விட்டுச்சென்ற தழும்புகளைக் கண்டனர். தட்டையான தலையுடைய மாதிரிகளில் அத்தகைய தழும்புகள் காணப்படவில்லை.

ஆகவே மோதல் நிகழ்ந்தது என்னும் பக்கத்துக்கு இன்று வலுவான சான்று உண்டு. ஆனால் தலையோடு தலை நேராக மோதினவா, எதிராளியின் விலாவில் இடித்தனவா என்பது முடிவாகவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் இந்த வேறுபாட்டைக் காட்டிச் சொல்வதே நேர்மையாகும்.

மூன்று பெயர்கள், ஒரே விலங்கா?

1983இல் ஸ்ரைகிமொலொக் என்ற இனமும், 2006இல் ட்ரக்கோரெக்ஸ் என்ற இனமும் அறிவிக்கப்பட்டன. முன்னதற்குச் சிறிய குவிமாடமும் நீண்ட முட்களும் இருந்தன. பின்னதற்குத் தட்டையான தலையும் முட்களும் இருந்தன. இவ்விரண்டும் பாக்கிசெபலோசோரஸ் கிடைக்கும் அதே காலத்துப் பாறைகளிலேயே கிடைத்தன. 2009இல் ஹோர்னரும் குட்வினும் இவை மூன்றும் ஒரே விலங்கின் குட்டிப் பருவம், இளம் பருவம், முதிர்ந்த பருவம் என வாதிட்டனர். வளர வளர முட்கள் தேய்ந்து குவிமாடம் எழுகின்றது என்பது அவர்களது விளக்கம். ஆய்வாளர் பலர் இக்கருத்தை ஏற்றுள்ளனர். ஆயினும் பொம்மைப் பெட்டிகளில் மூன்று பெயர்களும் தனித்தனியாகவே நிலைத்துள்ளன.

உணவைப் பொறுத்தவரை, கன்னப் பகுதியின் பற்கள் சிறியனவாகவும் இலை வடிவினவாகவும் இருந்தமையால் இலை, விதை, பழம் ஆகியவற்றை உண்டன எனக் கொள்ளப்படுகின்றது. கடினமான தண்டுகளை நன்றாக அரைக்கும் ஆற்றல் அப்பற்களுக்கு இருக்கவில்லை.

தென்னாட்டில் ஒரு குவிமண்டையா?

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அன்று உலகின் நிலப்பரப்பு இன்றுபோல் இருக்கவில்லை. இலங்கை, இந்தியா, மடகஸ்கார், ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா, தென் அமெரிக்கா ஆகியன முன்னர் கொண்டுவானா என்னும் ஒரே தென்கண்டமாக இணைந்திருந்தன. இந்தியாவும் மடகஸ்காரும் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே. ஆகவே மடகஸ்காரில் கிடைக்கும் எலும்பு நமக்கும் அயல்வீட்டுச் செய்தியாகும்.

1979இல் ஹான்ஸ் டீற்றர் சூஸ், பிலிப் ராக்கே ஆகியோர் மடகஸ்காரின் மஹஜங்கா பகுதியில் கிடைத்த ஒரு மண்டையோட்டுத் துண்டை விவரித்தனர். அதன் மேல் தடித்த குவிந்த எலும்பு இருந்தது. இது தென்கண்டத்தின் முதலாவது குவிமண்டை டைனோசர் எனக் கருதி அதற்கு மஜுங்கதோலஸ் எனப் பெயரிட்டனர். வடகண்டத்துத் தாவர உண்ணி எவ்வாறு தெற்கே வந்தது என்பதை விளக்க, இரு கண்டங்களுக்கும் இடையே தரைவழித் தொடர்பு இருந்திருக்க வேண்டும் என்ற வாதமும் அந்தத் துண்டை நம்பியே எழுந்தது.

1996இல் அதே பகுதியில் மிகச் சிறப்பாகப் பேணப்பட்ட மண்டையோடு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. 1998இல் ஸ்கொட் சாம்ப்சனும் குழுவினரும் அதனை வெளியிட்டபோது உண்மை தெரிந்தது. தாவர உண்ணியின் குவிமாடம் எனக் கருதப்பட்டது, ஒரு பெரிய ஊனுண்ணியின் நெற்றியில் இருந்த கொம்பு போன்ற தடிப்பே. இன்று மஜுங்கசோரஸ் என அழைக்கப்படும் அவ்விலங்கின் நெருங்கிய உறவினமே, குஜராத்தின் நர்மதைப் பகுதியில் கிடைத்து 2003இல் பெயரிடப்பட்ட ராஜசோரஸ். அதன் தலையிலும் கொம்பு போன்ற மேடு உண்டு. ஆகவே நம்பத்தக்க குவிமண்டை டைனோசர் எதுவும் இன்றுவரை தென்கண்டப் பாறைகளிலிருந்து கிடைக்கவில்லை.

அரியலூர் தரும் பாடம்

மடகஸ்காரின் தவறு வெளியான அதே 1979ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிலும் ஒரு டைனோசருக்குப் பெயர் சூட்டப்பட்டது. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், இன்றைய அரியலூர் வட்டாரத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய அறிஞர்கள் அதனைத் திராவிடோசோரஸ் என்றனர். முதுகில் தகடுகளை உடைய தாவர உண்ணியான ஸ்ரெகோசோர் இனத்தின் கடைசி வாரிசு இது என்பது அவர்களது முடிவு. 1990களில் சங்கர் சட்டர்ஜி, இவை கடல்வாழ் ஊர்வனவான பிளெசியோசோரின் எலும்புகளே என மறுத்தார். 2017இல் பீற்றர் கோல்ற்ரனும் அய்யாசாமியும் முதல் முடிவுக்கு ஆதரவாக எழுதினர். குவிமண்டைகள் முட்டி மோதின என 1970இல் வாதிட்ட அதே கோல்ற்ரன்தான் இவர்.

1980களின் பிற்பகுதியில் அதே இருவரும் கல்லமேட்டிலிருந்து புருகத்காயோசோரஸ் என்ற விலங்கை அறிவித்தனர். 'பேருடல் கொண்டது' என்பது பெயரின் பொருள். அதன் கால் எலும்பு ஒன்று மாத்திரம் 2 மீற்றர் நீளம். முதலில் ஊனுண்ணி எனக் கூறப்பட்டது, பின்னர் நீண்ட கழுத்துடைய மாபெரும் தாவர உண்ணியாகக் கொள்ளப்பட்டது. ஆனால் சரிபார்ப்பதற்கு இன்று அந்த எலும்புகள் இல்லை. உதிரும் தன்மையுடைய அவ்வெலும்புகள், பாதுகாப்புக்காகச் சுற்றப்பட்ட கட்டுகளுக்குள்ளேயே சிதையத் தொடங்கி அழிந்துவிட்டன. எஞ்சியிருப்பவை வரைபடங்களும் சில படங்களுமே. உலகின் மிகப் பெரிய தரை விலங்குகளுள் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய அதனைப் பற்றி இனி உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாதிருப்பது பேரிழப்பாகும்.

அதே கல்லமேட்டுப் பாறைகளில் கிடைத்த ஒரு சிறு பல்லை 2013இல் துரோடன் குடும்பத்துக்குரியது என ஆய்வாளர்கள் அறிவித்தனர். குவிமண்டைகளுடன் ஒருகாலத்தில் குழப்பப்பட்ட அதே குடும்பத்தின் பெயர், தமிழ்நாட்டு மண்ணிலும் ஒற்றைப் பல்லின் வழியாகவே ஒலிப்பது கவனத்துக்குரியது.

கண்டிப் பாறைகளில் ஏன் இல்லை?

இலங்கையிலிருந்து இதுவரை எந்த டைனோசர் இனமும் பெயரிடப்படவில்லை. இதற்கான காரணம் நம் காலடியிலேயே உள்ளது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட நிலம் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. கண்டியைச் சூழவுள்ள நைஸ் பாறைகளும், திகனப் பகுதியில் அகழப்படும் சலவைக்கல்லும், கடுகண்ணாவையில் குடையப்பட்ட பாறையும் இவ்வகையினவே. புவியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு இவை உருமாறியது ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். முதல் டைனோசர் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே. டைனோசருக்கு முற்பட்ட பாறையில் டைனோசரின் எலும்பைத் தேடுவது, பாட்டனாரின் திருமணப் படத்தில் பேரனைத் தேடுவது போன்றதாகும்.

அப்படியாயின் இங்கே டைனோசர்கள் நடமாடவேயில்லையா? கொண்டுவானாவின் ஒரு பகுதியாக இருந்த நிலத்தில் அவை வாழ்ந்திருக்க வாய்ப்பு நிறையவே உண்டு. ஆனால் எலும்பு உயிர்ச்சுவடாக மாறுவதற்குச் சேறும் மணலும் அதனை மூட வேண்டும். அப்படிவு கல்லாக இறுக வேண்டும். பின்னர் அழியாமல் நிலைக்க வேண்டும். மலைநாட்டில் அக்காலத்து மேற்பரப்பு மழையாலும் ஆறுகளாலும் அரிக்கப்பட்டுக் கடலைச் சென்றடைந்துவிட்டது.

டைனோசர் காலத்துப் படிவுகள் எமது நாட்டில் முற்றாக இல்லாமலும் இல்லை. புத்தளம் மாவட்டத்தின் தப்போவை, ஆண்டிகமப் பகுதிகளில் யுறாசிக் காலத்து அடையற் பாறைகள் உள்ளன. அவற்றிலிருந்து பன்னம், சைக்கஸ் ஆகியவற்றுக்கு உறவான தாவரங்களின் உயிர்ச்சுவடுகள் 1920களிலேயே விவரிக்கப்பட்டன. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் சரளைப் படைகளோ மிகப் பிற்காலத்தவை. அவற்றில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் இங்கு வாழ்ந்தமையை பி. ஈ. பி. தெரணியகல எடுத்துக்காட்டினார். மாணிக்கம் தேடியோர் வெளியே எடுத்த மண்ணிலிருந்துதான் அந்த வரலாறு கிடைத்தது.

கண்டி மாணவர் டைனோசர் உலகின் சாயலைக் காண வேண்டுமாயின், 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் செல்லலாம். அங்குள்ள சைக்கஸ்களும் பன்னங்களும் டைனோசர் காலத்துத் தாவரக் குடும்பங்களின் வழிவந்தவை. அவற்றின் முன் பிள்ளையை நிறுத்தி, இவற்றின் மூதாதைகளே டைனோசர்கள் வாழ்ந்த நிலத்தில் வளர்ந்தன என்று சொன்னால், பொம்மை தராத புரிதலை அது தரும்.

நாம் கொள்ள வேண்டியது

தடித்த மண்டையோட்டு டைனோசரின் வரலாற்றில் ஒரு பல்லால் ஒரு தவறும், ஒரு நெற்றி எலும்பால் மற்றொரு தவறும் நேர்ந்தன. இவற்றைச் செய்தவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். கையில் இருந்த சான்று குறைவானது. மேலும் நல்ல சான்று கிடைத்தபோது பழைய முடிவு கைவிடப்பட்டது. மஹஜங்காவில் முழு மண்டையோடு கிடைத்தமையால் தவறு திருந்தியது. கல்லமேட்டில் எலும்பு அழிந்தமையால் ஐயம் ஐயமாகவே நின்றுவிட்டது. சான்றைக் காப்பாற்றுவது எத்துணை முக்கியம் என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

நாளாந்தம் செய்தியை எழுதி மறுநாள் திருத்தம் வெளியிட நேரும் எமக்கும் இதிலிருந்து கற்க உண்டு. 'நாம் எழுதியது பிழை' என்று அச்சில் ஏற்றுவதால் மதிப்புக் குறைவதில்லை. மூடி மறைப்பதாலேயே அது குறைகின்றது.

மாணிக்கக் குழியிலோ, கற்குவாரியிலோ, வீட்டு அத்திவாரத்திலோ வழமைக்கு மாறான எலும்போ, இலைப் பதிவுள்ள கல்லோ கிடைத்தால், அதனை உடைக்காமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தேசிய நூதனசாலைத் திணைக்களத்துக்கோ பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறைக்கோ அறிவிப்பது நம் கடமையாகும். அது டைனோசராக இருக்க வேண்டியதில்லை. இந்த மண்ணின் கதையில் இன்னும் எழுதப்படாத ஒரு பக்கமாக இருந்தாலே போதுமானது.